பதினேழாம் நாள் யார் வருவார்?

2025 மார்ச் 25. இயக்குநர் பாரதிராஜாவின் மகன் மனோஜ் மாரடைப்பால் காலமானார். வயது 48. மனைவியும் இரண்டு மகள்களும் இருக்கிறார்கள். ‘தாஜ்மஹால்’ படத்தில் மகனைக் கதாநாயகனாக அறிமுகப்படுத்திய அதே அப்பா, எண்பது வயதைக் கடந்த நிலையில் அந்த மகனை வழியனுப்ப வேண்டி வந்தது. மனோஜ் இயக்குநரான ‘மார்கழி திங்கள்’ படத்தில் அப்பாவை நடிக்க வைத்து இரண்டு வருடம்கூட முழுதாக ஆகியிருக்கவில்லை.

திரையுலகம் திரண்டு வந்தது. மாலைகள் குவிந்தன. எல்லாம் முடிந்தது. கூட்டம் கலைந்தது.

சில நாள்கள் கழித்து ஒரு காணொலி வெளியானது. பாரதிராஜாவுக்குப் பக்கத்தில் கங்கை அமரன் உட்கார்ந்திருந்தார். பழைய கதைகளைப் பேசினார். பழைய பாட்டுகளைப் பாடினார். மகனைப் பறிகொடுத்தவருக்கு ஆறுதல் சொல்ல அந்த நண்பர் எடுத்துக்கொண்ட வழி அதுதான். பார்த்தவர்கள் பலருக்குக் கண் கலங்கியது.

“துக்க வீட்டில் பாட்டா?” என்று கேட்கத் தோன்றலாம். அந்த இருவரையும் தெரிந்தவர்கள் கேட்க மாட்டார்கள்.

அல்லிநகரமும் பண்ணைப்புரமும்

பாரதிராஜாவின் ஊர் தேனியை ஒட்டிய அல்லிநகரம். சினிமாவுக்கு வருவதற்கு முன் சுகாதார ஆய்வாளராக வேலை பார்த்தவர். அந்த வேலைதான் அவரைப் பண்ணைப்புரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அங்கே பாவலர் வரதராஜனின் தம்பிகளோடு பழக்கமானார். ஒருவர் பாஸ்கர், இன்னொருவர் இளையராஜா, கடைசித் தம்பி கங்கை அமரன். நாடகம், பாட்டு, கச்சேரி என்று திரிந்த அந்த வாலிபர்கள் பிறகு சென்னைக்குப் போய்ச் சினிமாவில் இடம் தேடினார்கள். 1977-ல் ‘16 வயதினிலே’ வந்தபோது இயக்கம் பாரதிராஜா, இசை இளையராஜா, எஸ்.ஜானகிக்குத் தேசிய விருது வாங்கித் தந்த பாட்டை எழுதியவர் கங்கை அமரன்.

அரை நூற்றாண்டைத் தாண்டிய பழக்கம் அது. ஆகவே, அந்தப் பாட்டுகள் வெறும் பொழுதுபோக்கு இல்லை. “உன் வாழ்க்கை முழுவதும் நான் கூட இருந்திருக்கிறேன். இப்போதும் இருக்கிறேன்” என்பதைச் சொல்ல அவர்களுக்குள் இருந்த பாஷை அதுதான்.

இன்னொன்றையும் நினைத்துப் பார்க்க வேண்டும். கங்கை அமரன் 2021 மே மாதம் மனைவி மணிமேகலையை இழந்தவர். 2024 ஜனவரி 25-ல் அண்ணன் மகள் பவதாரிணி 47 வயதில் இலங்கையில் காலமானார். ‘பாரதி’ படத்தில் பாடியதற்காகத் தேசிய விருது பெற்ற அந்தப் பாடகியின் உடல் கம்பம் பள்ளத்தாக்குக்குத்தான் வந்தது. கூடலூரைத் தாண்டி, குமுளி மலைக்கு அடியில் இருக்கும் லோயர் கேம்ப்பில், பாட்டி சின்னத்தாயும் அம்மா ஜீவாவும் உறங்கும் அதே தோட்டத்தில் அடக்கம் நடந்தது. அடுத்த ஆண்டு நண்பன் வீட்டில் மனோஜ் போனபோது இளையராஜா காணொலியில் இரங்கல் சொன்னார். தம்பி நேரில் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். இழப்பு என்னவென்று தெரிந்தவர்கள் இன்னொரு இழப்பின் முன்னால் நின்றார்கள்.

எல்லோருக்கும் பாடத் தெரியாது. ஆனால், எல்லோருக்கும் ஒரு நண்பர் இருக்கிறார். அவர் வீட்டில் ஒருநாள் கேதம் விழும். அப்போது என்ன செய்வது?

கேதத்துக்குப் போவது ஒரு கடமை

தேனி, மதுரைப் பக்கம் சாவு வீட்டைக் கேத வீடு என்பார்கள். கல்யாணத்துக்குப் போகாவிட்டாலும் மன்னிப்பார்கள். கேதத்துக்குப் போகாவிட்டால் பேச்சுவார்த்தையே நின்றுபோகும். சின்னமனூரிலும் உத்தமபாளையத்திலும் வயல் வேலையை, வாழைத்தார் வெட்டை, திராட்சை அறுப்பை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்புகிறவர்கள் இன்றும் உண்டு.

கேத வீட்டில் ஒவ்வோர் உறவுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பிறந்த வீட்டார் கோடித் துணி கொண்டு வர வேண்டும். பங்காளிகள் நீர்மாலை எடுக்க வேண்டும். மாமன் மச்சான் உறவுக்கு உருமாக் கட்டு. பக்கத்து வீட்டில் உலை வைத்துச் சோறு வரும், ஏனென்றால் கேத வீட்டில் அடுப்பு எரியாது. பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைப்பார்கள். கிளம்புகிறவர் “போயிட்டு வர்றேன்” என்று சொல்லாமல் எழுந்து போய்விடுவார்.

இந்த ஏற்பாட்டில் அறிவு இருக்கிறது. அழ ஓர் இடம் கிடைக்கிறது. பசித்தவருக்குச் சோறு வருகிறது. எதைச் செய்வது என்று தெரியாமல் நிற்கிறவரை அடுத்தடுத்த சடங்குகள் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போகின்றன. பதினாறாம் நாள் கருமாதி முடிகிறது. சாமியானா பிரிக்கப்படுகிறது. வாடகை நாற்காலிகள் வண்டி ஏறுகின்றன. உறவுக்காரர்கள் பஸ் ஏறுகிறார்கள்.

பதினேழாம் நாள் காலையில் அந்த வீட்டில் முதல்முறையாகச் சத்தமே இருக்காது.

இந்தச் சடங்குகள் எதிலும் நண்பருக்கென்று இடம் கிடையாது. கோடி போடும் வரிசையில் அவர் பெயர் வராது. அதைக் குறையாக நினைக்க வேண்டாம். உறவின் வேலைக்குப் பதினாறு நாள் கணக்கு உண்டு. நட்பின் வேலைக்கு அந்தக் கணக்கு இல்லை. அது பதினேழாம் நாள்தான் தொடங்குகிறது.

ஜீப்பில் ஓர் இடம்

கூடலூரில் ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கேரள மலையில் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர். விடியும் முன் எழுந்து, சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு, ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து மலை ஏறுகிற ஆயிரக்கணக்கான பெண்களில் ஒருவர். இரண்டு மாதத்துக்கு முன் வீட்டுக்காரர் தவறிவிட்டார்.

அவரோடு பத்து வருடமாக ஒரே ஜீப்பில் போகிற சிநேகிதி ஒருத்தி இருக்கிறாள். அவள் என்ன செய்யலாம்?

“எப்ப வேலைக்கு வர்றே?” என்று கேட்கலாம். அது அவசரப்படுத்துவதாக ஆகிவிடும். “உனக்கு என்ன வேணும்னாலும் கேளு” என்று சொல்லலாம். சொல்கிறவருக்கு அது நிம்மதி. கேட்பவருக்கோ அது இன்னொரு சுமை. துக்கத்தில் இருப்பவருக்குத் தனக்கு என்ன வேண்டும் என்று யோசிக்கவே தெம்பு இருக்காது. அப்படியே தெரிந்தாலும், வாய்விட்டுக் கேட்க நம் ஊரில் யாருக்கு மனசு வரும்?

அதைவிட, சாயங்காலம் வேலை விட்டு இறங்கியதும் நேராக அந்த வீட்டுக்குப் போய், “அக்கா, ரெண்டு படி மாவு ஆட்டினேன். உங்களுக்கும் கொண்டாந்தேன்” என்று வைத்துவிட்டு, பத்து நிமிடம் திண்ணையில் உட்கார்ந்துவிட்டு வரலாம். சனிக்கிழமை, “நாளைக்குச் சந்தைக்குப் போறேன். காய்கறி உங்களுக்கும் சேத்து வாங்கிடவா?” என்று கேட்கலாம். ஆம், இல்லை என்று தலையசைத்தால் போதும் என்கிற மாதிரிக் கேள்வி அது.

அவர் மறுபடி வேலைக்கு வருகிற நாளில், ஜீப்பில் தன் பக்கத்து இடத்தில் தூக்குவாளியை வைத்து இடம் பிடித்துக் கொடுக்கலாம். வழியெல்லாம் பேச வேண்டும் என்பதுகூட இல்லை. எதிரே இருப்பவர்கள் “எப்படி ஆச்சு? ஆஸ்பத்திரிக்கு லேட்டா கொண்டு போனீங்களோ?” என்று தொடங்கினால், “அதை விடுங்க மதினி” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

துக்கம் கேட்க வருகிற ஒவ்வொருவரும் “எப்படி ஆச்சு?” என்று முதலிலிருந்து கேட்கிறார்கள். ஒரே கதையை நூறு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தக் கதையைத் தன் வாயில் வாங்கிக்கொண்டு, கேட்பவர்களை வாசலிலேயே நிறுத்திப் பதில் சொல்லி அனுப்புகிற நண்பர் பெரிய உதவி செய்கிறார்.

வாயில் வரக்கூடாத வார்த்தைகள்

நல்ல மனதோடு சொல்லப்படுகிற சில வார்த்தைகள் காயத்தில் மிளகாய்த் தூளாக விழும்.

“அவருக்கு விதி அவ்வளவுதான்.” “கஷ்டப்படாம போயிட்டாரு, புண்ணியம் செஞ்சவரு.” “சின்ன வயசுதானே, இன்னொண்ணு பெத்துக்கலாம்.” “பிள்ளைகளுக்காகவாவது அழாதே.” “என் வீட்டுலயும் இப்படித்தான்...” என்று தொடங்கித் தன் கதைக்குப் போவது.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. எதிரே இருப்பவரின் அழுகையை நிறுத்தப் பார்க்கின்றன. அழுகையைப் பார்த்துக்கொண்டிருப்பது நமக்குக் கஷ்டம். அதனால்தான் அவசரமாக எதையாவது சொல்லி மூடப் பார்க்கிறோம்.

என்ன சொல்வது என்று தெரியவில்லையா? அதையே சொல்லலாம். “என்ன சொல்றதுன்னே தெரியலப்பா” என்று கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், அது பொய் இல்லாத வார்த்தை.

சொல்ல வேண்டிய இன்னொன்று, போனவரின் பெயர். கருமாதி முடிந்ததும் ஊர் அந்தப் பெயரைச் சொல்லவே பயப்படும். ஞாபகப்படுத்திவிடுவோமோ என்ற பயம். மகனை இழந்த தாய்க்கு மகன் ஞாபகம் இல்லாத நிமிடம் எது? புதிதாக ஞாபகப்படுத்த ஒன்றும் இல்லை. “நம்ம தம்பி கிரிக்கெட் ஆடுறேன்னு என் வீட்டு ஓட்டை உடைச்சான், ஞாபகம் இருக்கா?” என்று ஒரு நண்பர் சொன்னால், அந்தத் தாய் அழுவார். அடுத்த நிமிடம் சிரிக்கவும் செய்வார். தன் மகன் இன்னொருவர் நினைவிலும் இருக்கிறான் என்பது அவருக்குப் பெரிய செய்தி.

சிரித்தால் தப்பா?

எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969-ல் எழுதிய நூலில் மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்று ஐந்து நிலைகளைச் சொன்னார். உலகம் முழுக்க அது பரவியது. பலர் மறந்துபோனது, அவர் அதைச் சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு பேசி எழுதினார் என்பதை. துக்கத்தில் இருக்கும் நண்பரை அந்த ஐந்து படிகளில் எங்கே நிற்கிறார் என்று அளந்து பார்ப்பதில் பயன் இல்லை.

1999-ல் மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷுட் என்ற இரு ஆய்வாளர்கள் வேறு மாதிரிச் சொன்னார்கள். துக்கப்படுகிறவர் ஊஞ்சல் மாதிரி இரண்டு பக்கமும் போய் வருகிறார். ஒரு பக்கம் இழப்பு: அழுகை, நினைவு, ஏக்கம். மறு பக்கம் வாழ்க்கை: பிள்ளையின் பள்ளிக் கட்டணம், மாட்டுக்குத் தண்ணீர், நாளைய சமையல். இந்தப் போக்குவரத்துதான் இயல்பு என்றார்கள். ஒரே பக்கத்தில் நின்றுவிடும்போதுதான் சிக்கல்.

நம் ஊர்க் கண்களுக்கு இதைப் பழக்க வேண்டும். கணவர் இறந்து ஆறு மாதத்தில் ஒரு பெண் புதுச் சேலை கட்டினால், டிவி பார்த்துச் சிரித்தால், “இவளுக்கு என்ன வருத்தம் இருக்கு?” என்கிற தெரு நம்முடையது. அழுதால் “இன்னுமா அழறே?” சிரித்தால் “அதுக்குள்ளயா?” நண்பர் இந்த இரண்டு கேள்வியையும் கேட்காதவராக இருக்க வேண்டும்.

வேலையில் மூழ்குவதும் இப்படித்தான். மகள் போன பிறகும் இளையராஜா இசையை நிறுத்தவில்லை. 2025 பிப்ரவரியில், பவதாரிணியின் நினைவு நிகழ்ச்சியில், மகள் பெயரில் ஓர் இசைக்குழு தொடங்கப்போவதாக அறிவித்தார். மார்ச் 8-ல் லண்டனில் ‘வேலியன்ட்’ சிம்பொனியை அரங்கேற்றினார். துக்கத்தை ஒரு வேலையாக மாற்றிக்கொள்வது சிலருக்கு வழி. நண்பர் அதைத் தடுக்கவும் வேண்டாம், எல்லோரும் அப்படி இருக்க வேண்டும் என்று வற்புறுத்தவும் வேண்டாம்.

காகிதங்கள் கண்ணீரைப் பார்ப்பதில்லை

கேத வீட்டில் யாரும் பேசத் தயங்குகிற ஒன்று காகித வேலை. இதில்தான் நண்பர் ரொம்பவும் தேவைப்படுகிறார்.

இறப்பை 21 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். இறப்புச் சான்றிதழில் பெயர் எழுத்து ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்று அப்போதே பார்த்துவிட வேண்டும். பிறகு திருத்த அலைவது பெரும்பாடு. ஏழெட்டுப் பிரதிகள் எடுத்து வைக்க வேண்டும். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்தால் தாசில்தார் அலுவலகத்தில் விசாரித்துத் தருவார்கள்.

இறந்தவரின் பாஸ்புக்கை ஒருமுறை பொறுமையாகப் புரட்டிப் பாருங்கள். ஆண்டுக்கு 436 ரூபாய் பிடித்திருந்தால் அவர் பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டில் இருந்திருக்கலாம். 20 ரூபாய் பிடித்திருந்தால் சுரக்‌ஷா விபத்துக் காப்பீடு. இரண்டுக்கும் தொகை 2 லட்சம் ரூபாய். பணம் பிடித்ததே தெரியாமல், கேட்காமல் விட்ட குடும்பங்கள் உண்டு. காப்பீட்டை நாள் கடத்தாமல் வங்கியில் கேட்க வேண்டும். அமைப்புசாரா தொழிலாளர் நலவாரிய அட்டை இருக்கிறதா, முதியோர் அல்லது விதவை உதவித்தொகைக்குத் தகுதி இருக்கிறதா என்பதையும் பார்க்கலாம்.

அந்த வரிசையில் நண்பரோடு கூட நிற்பதே ஆறுதல்தான். கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் “இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு?” என்று நிமிராமல் கேட்கும்போது, பதில் சொல்லத் தொண்டை அடைக்கும். பக்கத்தில் ஒருவர் இருந்தால் அந்தக் கேள்வியைத் தாண்டிவிடலாம்.

குரங்கணி சொல்லிக்கொடுத்தது

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. போடிநாயக்கனூருக்கு மேலே குரங்கணி மலையில் காட்டுத்தீ. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் மலையேற்றத்துக்கு வந்திருந்த இளைஞர்களும் பெண்களும் கொழுக்குமலையிலிருந்து இறங்கும் வழியில் சிக்கினார்கள். முதலில் ஓடியவர்களில் அந்த மலைக் கிராமத்து மக்களும் இருந்தார்கள். இருட்டில், வெந்துபோன உடம்புகளைப் போர்வையில் தொட்டில் கட்டிச் சுமந்து இறக்கினார்கள். மருத்துவமனைகளில் நாள்கணக்காகப் போராடியவர்களையும் சேர்த்து 23 உயிர்கள் போயின.

அந்தச் செய்தியில் பெற்றோரின் துக்கத்தை எல்லோரும் பார்த்தார்கள். அதிகம் கவனிக்கப்படாத துக்கம் ஒன்று உண்டு: பிழைத்தவர்களுடையது. ஒன்றாகக் கிளம்பி, ஒன்றாகப் படமெடுத்து, ஒரே பாதையில் இறங்கியவர்கள். “நான் மட்டும் ஏன் தப்பிச்சேன்?” என்ற கேள்வி அப்படிப்பட்டவர்களை விடாது. 2022 டிசம்பரில் சபரிமலை போய்த் திரும்பிய ஆண்டிபட்டிப் பகுதி பக்தர்களின் கார் குமுளி மலைப்பாதையில் கவிழ்ந்து எட்டுப் பேர் இறந்தபோதும் அப்படித்தான். விபத்தில் பிழைத்தவரை “நீ தப்பிச்சது சாமி புண்ணியம்” என்று வாழ்த்துகிறோம். அவருக்கு அது வாழ்த்தாகக் கேட்பதில்லை. அப்படியானால் போனவருக்குச் சாமி துணை இல்லையா என்று உள்ளுக்குள் கேட்டுக்கொள்வார்.

நண்பனை இழந்தவனும் அப்படியே. அவனுக்குக் கோடி இல்லை, உருமா இல்லை, அலுவலகத்தில் துக்க விடுப்பும் இல்லை. “ஃப்ரெண்டுதானே” என்பார்கள். அவனிடமும் யாராவது துக்கம் கேட்க வேண்டும்.

ஆம்பளையும் அழலாம்

மனைவியை இழந்த ஆணைத் தேற்றுவதாக நினைத்து நம் ஊரில் நண்பர்கள் செய்கிற வேலை, “வாடா மாப்ள, ஒரு ரவுண்டு போடு, மறந்துடும்” என்று டாஸ்மாக் பக்கம் கூட்டிப்போவது. அன்றைக்குத் தூங்குவான். மறுநாள் தூங்க அது இல்லாமல் முடியாது. ஒரு துக்கத்துக்கு வந்து இன்னொரு கஷ்டத்தைக் கொடுத்துவிட்டுப் போவதுதான் அது.

சேர்ந்து நடந்து போகலாம். முல்லையாற்றுப் பாலத்தில் உட்காரலாம். தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சும்போது கூடப் போய் மடை திறந்துவிடலாம். ஆண்கள் பலருக்கு நேருக்கு நேர் உட்கார்ந்து மனம் திறக்க வராது. ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு வேலை செய்யும்போது வார்த்தை வரும். சமைக்கத் தெரியாத மனிதர் என்றால், மாதம் முழுக்கச் சோறு கொடுப்பதோடு, குழம்பு வைக்கவும் சொல்லிக்கொடுக்கலாம். வெளியே சொல்லிக்கொள்ளாத அவமானம் ஒன்றிலிருந்து அது அவரைக் காப்பாற்றும்.

எப்போது பயப்பட வேண்டும்?

துக்கம் நோய் இல்லை. பெரும்பாலானவர்கள் மருந்து இல்லாமல், மனிதர்கள் துணையோடு மெல்ல எழுந்துவிடுகிறார்கள். சிலருக்கு மட்டும் அது இறுகிப்போகிறது. உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் ‘நீடித்த துக்கம்’ என்று ஒன்றைச் சேர்த்திருக்கிறது. ஆறு மாதத்துக்கு மேலும் ஏக்கம் கொஞ்சமும் குறையாமல், அன்றாட வாழ்க்கையே நின்றுபோயிருந்தால் மருத்துவர் பார்க்க வேண்டும்.

அதற்கும் முன்பே கவனிக்க வேண்டியது சில வார்த்தைகள். “நானும் கூடவே போயிருக்கணும்.” “இனி எனக்கு என்ன இருக்கு?” இவற்றைக் கேட்டால் பேச்சை மாற்றாதீர்கள். “உயிரை விட்டுடலாம்னு தோணுதா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது; கேட்க ஓர் ஆள் இருக்கிறார் என்று தெரிந்தால் பாரம் இறங்கும். “ஆமா” என்றால் தனியாக விடாதீர்கள். வீட்டாரிடம் சொல்லுங்கள்.

விவசாய வீடு என்றால் பூச்சிமருந்து எங்கே இருக்கிறது என்று பாருங்கள். திராட்சைக்கும் வாழைக்கும் வாங்கியது திண்ணையிலேயே கிடக்கும். அதை அங்கிருந்து எடுத்துவிடுங்கள், வேறு வீட்டில் பூட்டி வையுங்கள். 1986-ல் தொடங்கப்பட்ட சென்னை சினேகா அமைப்பினர் காட்டுமன்னார்கோவில் பகுதிக் கிராமங்களில் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொதுப் பெட்டகத்தில் பூட்டி வைக்கும் முயற்சியைச் செய்து பார்த்தார்கள். நல்ல பலன் தெரிந்தது. கைக்கெட்டாமல் போகிற சில மணி நேரம் ஓர் உயிரைக் காப்பாற்றும்.

மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416, இரவும் பகலும் இலவசம், தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104 உண்டு. சினேகாவின் எண் 044-24640050. ஆண்டிபட்டி க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. “நீ போ” என்று அனுப்பாமல் “வா, போயிட்டு வருவோம்” என்று கூடப் போவதுதான் நட்பு.

முதல் வருடத்து நாள்கள்

கேதம் விழுந்த வீட்டுக்கு அந்த வருடம் பண்டிகை இல்லை. சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்கு ஊரே கிளம்பும். அந்த வீடு மட்டும் கதவைச் சாத்திக்கொண்டிருக்கும். தீபாவளியன்று தெருவெல்லாம் வெடிச் சத்தம். பொங்கலன்று அந்த வாசலில் மட்டும் கோலம் இருக்காது.

அந்த நாள்களை உங்கள் காலண்டரில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இறந்தவரின் பிறந்தநாள், கல்யாண நாள், முதல் தீபாவளி, திதி. அந்தக் காலையில் ஒரு போன். முடிந்தால் நேரில். “இன்னைக்கு அவரு நெனப்பாவே இருந்துச்சு, அதான் வந்தேன்.” இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

கணவரை இழந்த சிநேகிதி என்றால் இன்னொன்று. உங்கள் வீட்டு விசேஷத்துக்கு அவரை அழையுங்கள். சும்மா ஒப்புக்கு அழைத்துவிட்டு, வந்தவரைப் பின்வரிசையில் உட்கார வைப்பது அழைக்காததைவிட மோசம். மஞ்சள் குங்குமத் தட்டு அவரைத் தாண்டிப் போகும்போது அவர் முகம் எப்படி ஆகும் என்று யோசியுங்கள். “வாக்கா, நீதான் முன்னால நிக்கணும்” என்று உங்கள் வீட்டிலாவது சொல்லுங்கள். பெரியவர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

வருடம் திரும்பும்போது, தை அமாவாசையிலோ ஆடி அமாவாசையிலோ, சுருளித் தீர்த்தத்தில் கூட்டம் கூட்டமாக வந்து முன்னோருக்குத் திதி கொடுப்பார்கள். ஈரத் துணியோடு படியேறுகிறவர்களில் சிலருக்குத் துணையாக, சொந்தமும் இல்லாத, சாதியும் ஒன்றில்லாத ஒருவர் கையில் துண்டோடு நிற்பதைப் பார்க்கலாம். அவருக்கு அங்கே சடங்கு எதுவும் இல்லை.

“நீ எதுக்குப்பா லீவு போட்டு வந்தே?” என்று கேட்டால், “சும்மாதான்” என்பார்.